கொரோனா போயிற்று, காலில் இருக்கிற கறுப்பு போகவில்லையே டொக்டர்?

வாசகர் கேள்விகள் – டொக்டர் பதில்கள்

போன இதழில் தேமல் பற்றி எழுதியபோது கடைசியில் "ஆறாத புண்ணை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். தேமலை விட்டுவிட்டு எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "கொரோனா நேரத்தில் காட்டாமல் விட்டுவிட்டோம், இப்போது என்ன செய்வது" என்கிற தினுசு. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், முடி அடுத்த மாதமும் கொட்டும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு வயது 58, கொழுந்து பறிக்கிறார். வலது குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி, 2020 ஊரடங்கு நேரம்தான் முதலில் பார்த்தோம். அப்போது மிளகு அளவு. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டும், பிடித்து தனிமைப்படுத்தலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து போகவில்லை. பிறகு வேலை, பிறகு பெற்றோல் இல்லாத காலம். இப்போது ஐந்து ரூபாய் காசு அளவு இருக்கிறது, ஒரு பக்கம் மை வழிந்தது போல ஓரம் நீண்டிருக்கிறது. வலி இல்லை, அதனால் ஒன்றும் இல்லை என்கிறார். சரியா டொக்டர்?

தங்கச்சி, வலி இல்லை என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பாதத்தில் வரும் மெலனோமா என்கிற தோல் புற்று ஆரம்பத்தில் வலிக்காது, அரிக்காது, நடக்க இடைஞ்சல் பண்ணாது; அதனால்தான் அது வருஷக்கணக்கில் தப்பித்துக்கொள்கிறது. அம்மாவுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஒரு கடிதத்தை வைத்துச் சொல்லவும் கூடாது. செருப்பு அழுத்தி உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், காலாணிக்குள் இரத்தம் உறைந்து கறுத்திருக்கலாம், வெறும் மச்சமாகவே இருக்கலாம். ஆனால் இரத்தக்கட்டு என்றால் சில மாதத்தில் தோலோடு உரிந்து போயிருக்க வேண்டும், இத்தனை வருஷம் இருந்து வளராது. பெரியவர்களின் உள்ளங்காலில் புதிதாக வந்து, பெருத்துக்கொண்டே போய், ஓரமும் ஒழுங்கில்லாமல் இருக்கிற கறுப்பு எதுவானாலும் அது மெலனோமா இல்லை என்று பரிசோதித்துத் தெரிந்த பிறகுதான் நிம்மதி. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். சம்பள நாள் வரட்டும், கொழுந்து குறையட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு விரட்டுகிறேன் என்றால், மெலனோமாவில் எல்லாக் கணக்கும் தடிமனில்தான் இருக்கிறது. அகலம் நம் கண்ணுக்குத் தெரியும். தோலுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது தெரியாது. அந்த ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து பார்த்தால் நோயாளியின் எதிர்காலம் ஓரளவு தெரிந்துவிடும் என்று அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1970இல் காட்டினார், இன்றைக்கும் ரிப்போட்டில் அவர் பேரில்தான் அந்த அளவை எழுதுகிறார்கள். 1 மில்லிமீற்றருக்குள் இருக்கும்போது பிடித்தால் சுற்றிலும் 1 சென்ரிமீற்றர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்துவிடும். 4 மில்லிமீற்றரைத் தாண்டியது என்றால் அது வேறு கதை, அப்போது அரையில், அதாவது தொடை இடுக்கில், நெறி கட்டியிருக்கிறதா, நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்றெல்லாம் தேட வேண்டும். அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் மூன்றே மூன்று சின்னக் கோடுதான்.

அம்மா அன்றைக்குப் பயந்ததைக் குற்றம் சொல்லி வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள். 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். தொற்றுக் கண்டவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒருவருக்கு வந்தால் பக்கத்துக் காம்பராக்கள் எல்லாம் சேர்த்து மூடப்பட்டன. அதற்கு நடுவிலும் தோட்டங்கள் மட்டும் ஓடின. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக வழி இருந்தது, கிளினிக்குக்குப் போக பஸ் இல்லை. இதில் ஒரு தொழிலாளிப் பெண் வலிக்காத ஒரு புள்ளியை ஒதுக்கிவைத்தார் என்றால் அதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் அம்மாவின் பயம் பாதி குறையும். முதலில் காலை நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள், ஏனென்றால் மலையில் நடக்கிற காலின் வெடிப்புக்குள் மண்ணும் தேயிலைச் சாயமும் ஏறிக் கறுத்துக் கிடக்கும், அதையும் இதையும் பிரிக்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு ஜெல் வைத்து, வெளிச்சம் உள்ள சின்னப் பூதக்கண்ணாடியால் பார்ப்பார்கள். டெர்மடோஸ்கோப் என்று பேர். உள்ளங்காலிலும் கைரேகை போலவே மேடும் பள்ளமுமாக ரேகை ஓடுகிறது இல்லையா? கறுப்பு நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டின்மேல் ஓடினால் சந்தேகம். சந்தேகம் என்றால் விறைக்க ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று லயத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், அவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பயாப்சி எடுத்ததால் மெலனோமா பரவுவதில்லை. எடுக்காமல் வைத்திருந்தால் அது தன் பாட்டில் இறங்கிக்கொண்டே போகும்.

வழி இதுதான்: தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டியிலோ காட்டி, ஸ்கின் கிளினிக்குக்குத் துண்டு வாங்குங்கள். துண்டு எழுதும்போதே "காலில் கறுப்பு, வளர்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; "தோல் வருத்தம்" என்று மட்டும் சொன்னால் சொறி, சிரங்கு வரிசையில் திகதி விழும். சிகிச்சை தேவைப்பட்டால் கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினால்தான் ஆகும் என்றில்லை. எல்லாம் இலவசம். அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும், அது உண்மை, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

தலவாக்கலை வாசகர்: தோல் புற்று வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று படித்திருக்கிறேன். நாங்கள் கறுப்பு, ஊரும் குளிர். எதற்கு டொக்டர் சும்மா பயம் காட்டுகிறீர்கள்?

ஐயா, படித்ததில் பாதி சரி. வெயிலால் வருகிற தோல் புற்று வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் மிக அதிகம். நம் தோலில் இருக்கிற மெலனின் நமக்கு ஒரு நல்ல காவல். ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிற மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நம் போன்றவர்களுக்கு மெலனோமா வந்தால் அந்த இடங்களில்தான் அடிக்கடி வருகிறது. பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள், பந்தாட்டத்தில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்களாம். 1981இல் 36 வயதில் போய்விட்டார். நமக்கு அரிதாக வருகிறது என்பதே ஒரு ஆபத்து, ஏனென்றால் நோயாளியும் நினைக்கமாட்டார், சிலவேளை டொக்டரும் நினைக்கமாட்டார்.

குளிர் பற்றிச் சொன்னீர்கள். குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் தொடர்பே இல்லை. 1,000 மீற்றர் மேலே ஏற ஏற அந்தக் கதிர் சுமார் 10 வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர். மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. அதற்காக சன்ஸ்கிறீன் போத்தல் வாங்கச் சொல்லமாட்டேன், அந்த விலைக்கு ஒரு வாரம் வீட்டில் சமைக்கலாம். கொழுந்து பறிக்கிறவர்கள் தலையில் போடுகிற துணியை நெற்றிக்கு இறக்கிக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டாலே போதும். உண்மையில் நம் தோட்டங்களில் தோலுக்கு முன்னால் வாயைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்று, காரணம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும். அது இன்னொரு இதழுக்கு.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியர்: என் அண்ணனுக்கு மூக்கோரத்தில் பேசல் செல் என்கிற தோல் புற்று. 2020 மார்ச் கடைசியில் ஒப்பரேஷன் திகதி கொடுத்திருந்தார்கள், கொரோனாவால் தள்ளிவைத்து ஜூலையில்தான் செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அதே நேரத்தில் இன்னொருவருக்கு, அவர் முதுகில் இருந்ததை, உடனே கூப்பிட்டு வெட்டினார்கள். அண்ணி இன்றைக்கும் "ஆள் பார்த்துச் செய்தார்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அது அலட்சியம்தானே?

சேர், அண்ணியின் கோபம் நியாயம், முடிவு தப்பு. ஆள் பார்க்கவில்லை, நோயைப் பார்த்திருக்கிறார்கள். பேசல் செல் புற்று மெதுவாக நகர்கிற நோய். விட்டால் மூக்கைத் தின்னும், ஆனால் உடம்புக்குள் பரவுவது மிக மிக அரிது. இரண்டு மூன்று மாதம் தள்ளினால் பெரிய நட்டம் வராது என்று அன்றைக்கு அமெரிக்காவின் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டலிலும் இருந்தது. தடிமன் குறைந்த மெலனோமாவைக்கூட, பயாப்சியில் பெரும்பகுதி எடுபட்டிருந்தால், மிச்சத்தை அகலமாக வெட்டுவதை மூன்று மாதம் வரை தள்ளலாம் என்றார்கள். தடித்த மெலனோமாவுக்கும் வேகமாக வளர்கிற ஸ்குவாமஸ் செல் என்கிற இன்னொரு தோல் புற்றுக்கும் அந்தச் சலுகை இல்லை. அந்த முதுகுக்காரருடையது இந்தத் தள்ள முடியாத வகையாக இருந்திருக்கும். மூக்கில் கத்தி வைக்க வேண்டும் என்றால் நோயாளி மாஸ்க்கைக் கழற்ற வேண்டும், டொக்டர் அவர் மூச்சுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். தடுப்பூசி கண்ணில் படாத காலம் அது. உலகம் முழுக்க இதே கதைதான். பெருந்தொற்று உச்சத்தில் இருக்கிற 12 வாரத்தில் சுமார் 2 கோடியே 80 இலட்சம் ஒப்பரேஷன்கள் தள்ளிப்போகும் என்று 2020 மே மாதத்தில் ஒரு சர்வதேச ஆய்வுக்குழு கணித்தது.

மார்ச்சிலிருந்து ஜூலை என்பது மூன்று மாதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. நானாக இருந்தால் நடுவில் ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பார்த்திருப்பேன், அந்த அளவுக்கு அண்ணியோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் எனக்குக் கவலை உங்கள் அண்ணன் மாதிரி ஆட்களைப் பற்றி இல்லை. அவருடையது என்ன நோய், எவ்வளவு பெரியது, எவ்வளவு நாள் தாங்கும் என்று ஒருவர் பார்த்து, கணக்குப் போட்டு, திகதியை மாற்றினார். யாருமே பார்க்காமல் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அடி விழுந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் முதல் முடக்க காலத்தில் தோல் புற்று என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களின் தொகை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்தது. நோய் அந்த மூன்று மாதம் விடுமுறையில் போகவில்லை, ஆட்கள்தான் வரவில்லை. ரோம் நகரில் ஒரு குழு தங்களிடம் வந்த மெலனோமாக்களை அளந்து பார்த்தது: முடக்கத்துக்கு முன்னால் சராசரித் தடிமன் 1 மில்லிமீற்றருக்குள் இருந்தது, கதவு திறந்த பிறகு வந்தவர்களிடம் அது கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர். மேலே மஸ்கெலியாத் தங்கச்சிக்கு எழுதியதோடு இதைச் சேர்த்துப் படித்தால் அதன் பாரம் புரியும்.

இன்னொன்று, மாஸ்க். மூக்கோரமும் மேலுதடும் கன்னமும் இரண்டு வருஷம் துணிக்குள் இருந்தன. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், பாடசாலையில் கூட வேலை செய்கிற ஆசிரியை, "என்ன சேர் மூக்கில் ஒரு பரு, இன்னும் போகவில்லையா" என்று கேட்கிற ஆட்கள் எல்லாருக்கும் அது மறைந்துபோயிற்று. முகத்தில் வருகிற புற்றை முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் இந்த வம்புக்காரர்கள்தான்.

பசறையிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்குச் சின்ன வயதில் அடுப்பில் விழுந்து முழங்காலுக்குக் கீழே நெருப்புக்காயம். தழும்பு மேல் அடிக்கடி புண் வரும், ஆறும். 2019இல் இருந்து கிளினிக் போய் மருந்து கட்டிக்கொண்டிருந்தோம். கொரோனாவோடு நின்றுவிட்டது. இப்போது இரண்டு வருஷமாகப் புண் ஆறவே இல்லை, ஓரம் தடித்து வெளியே மலர்ந்திருக்கிறது, வாடை அடிக்கிறது. போனால் "இவ்வளவு நாள் எங்கே போனாய்" என்று ஏசுவார்கள் என்று அப்பா வரமாட்டேன் என்கிறார்.

தம்பி, நீங்கள் எழுதிய மூன்று அடையாளமும், ஓரம் தடித்து மலர்வது, வாடை, இரண்டு வருஷம் ஆறாதது, எனக்குப் பிடிக்கவில்லை. பழைய நெருப்புத் தழும்பில், பெரும்பாலும் பல பத்து வருஷம் கழித்து, ஸ்குவாமஸ் செல் புற்று வருவது உண்டு. மார்ஜொலின் புண் என்று பேர், அந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1828இலேயே இந்த மாதிரிப் புண்ணை விவரித்து எழுதிவிட்டார். நெருப்புக்காயம் என்றில்லை, நரம்பு சுருண்டு வருகிற கால் புண், கவ்வாத்துக் கத்தி பட்டு வருஷக்கணக்கில் ஆறாத வெட்டு, எலும்பு பழுத்து நீர் வடிகிற துளை, எதிலும் வரலாம். வெறுங்காலோடு மண்ணிலும் அட்டைக்கடியிலும் நடக்கிற ஊரில் ஆறாத புண் என்பது சாதாரணக் காட்சியாகிவிட்டது, அதுதான் கஷ்டம். யாரும் இரண்டாவது தரம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொரோனா உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குச் செய்த கெடுதல் தனி. பிரஷர், சீனி வருத்தக்காரர்களுக்கு மாத்திரையைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள், நல்ல ஏற்பாடு. காயத்தைத் தபாலில் அனுப்ப முடியாதே. மருந்து கட்டுகிற மிஸ் வாரத்துக்கு ஒரு தரம் பன்டேஜைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் யாரோ ஒருவருடைய கண் அந்தப் புண்ணில் இருந்தது. அது நின்றபோது வீட்டில் நீங்களே சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சளோ பச்சிலையோ வைத்துக் கட்டியிருப்பீர்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

உடனே செய்ய வேண்டியது பயாப்சி. புண்ணின் நடுவில் எடுத்தால் அழுகின சதைதான் வரும், ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சொல்லாமலேயே செய்வார்கள், இருந்தாலும் கேட்பதில் தப்பில்லை. புற்று என்று வந்தால் அகலமாக வெட்டி, தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். எலும்பு வரை போயிருந்தால் கால் விஷயமாகப் பேச வேண்டிவரும். அதனால்தான் ஏச்சுக்குப் பயந்து இன்னும் ஒரு மாதம் போகக்கூடாது. ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அப்பா சார்பில் நீங்கள் முன்னால் நின்று, "கொரோனாவில் நின்றது, பிறகு பஸ் காசு இல்லை, இப்போது வந்திருக்கிறோம்" என்று மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டுப் பழைய கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். அதில் 2019இல் புண் எவ்வளவு அகலம் என்று எழுதியிருந்தால் அது பொன்.

புற்றாக இல்லாமலும் போகலாம். உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது, ஆனால் அநுராதபுரம், பொலன்னறுவை, மாத்தளைப் பக்கம் வேலைக்குப் போய் வந்த இளைஞர்களுக்கு முகத்திலோ கையிலோ வலிக்காத ஒரு புண் மாதக்கணக்கில் இருந்தால், அது மணல் ஈ கடித்து வருகிற லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம். அதற்கு ஊசி மருந்து இருக்கிறது. அதுவும் ஸ்கின் கிளினிக்கில்தான்.

நோர்வூட் வாசகி: அப்பாவின் கால் பெருவிரல் நகம் கறுத்தது. ஊரடங்கு நேரம் வட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி ஒரு டொக்டரிடம் கேட்டோம். நகச்சொத்தை என்று பூசுமருந்து சொன்னார். இன்றைக்கும் பூசுகிறோம். இப்போது நகம் பிளந்து, அடியில் தோலும் கறுத்திருக்கிறது. போட்டோவை நம்பியது தப்பா?

அன்றைக்கு வேறு வழி இல்லை, அதனால் தப்பு என்று சொல்ல மாட்டேன். தப்பு எங்கே என்றால், அவசரத்துக்குச் சொன்ன ஒரு பதிலை முடிந்த முடிவாக இவ்வளவு நாள் வைத்துக்கொண்டது. நகத்தில் இருந்த கறுப்பு பக்கத்துத் தோலுக்கு இறங்குவது மோசமான அறிகுறி. பூசுமருந்தை நிறுத்திவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாளைக்கே என்றாலும் சரி.

பொதுவாக எல்லாருக்கும் ஒரு கணக்கு: கால் பெருவிரல் நகம் அடியில் இருந்து நுனிவரை முழுசாக வளர ஒன்று, ஒன்றரை வருஷம் ஆகும். அடிபட்டு இரத்தம் கட்டியது என்றால் அந்தக் கறுப்பு நகத்தோடு மெல்ல மெல்ல முன்னால் நகரும், பின்னால் நல்ல நகம் வெள்ளையாக வரும். நகராமல் அதே இடத்தில் நின்று அகலமாகிறது என்றால் அது இரத்தம் இல்லை. பல விரல் நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது நம் நிறத்துக்காரர்களுக்குச் சகஜம், அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு விரலில், பெரியவருக்கு, புதிதாக வந்து அகலமாகிற கோடுதான் விஷயம்.

போட்டோ அனுப்புவது கெட்ட பழக்கம் இல்லை, எடுக்கிற விதத்தில்தான் இருக்கிறது. எனக்கு வருகிறவற்றில் பாதி, இரவில் காம்பராவுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தவை. அதில் எல்லாமே பழுப்புத்தான். பகலில் வாசலுக்கு வாருங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், இடத்தைக் கழுவித் துடையுங்கள். முழுப் பாதமும் தெரிய ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒன்று. ஒரு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. இதை வைத்து "உடனே வா" என்று சொல்லலாம். "வரவேண்டாம்" என்று சொல்லத்தான் போட்டோ போதாது. அரையில் நெறி கட்டியிருக்கிறதா என்று போனுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க முடியாது.

வட்டவளை வாசகர்: கொரோனா தடுப்பூசி போட்டதால்தான் எனக்கு முதுகில் கறுப்பு மரு மருவாக வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். வயது 66.

இல்லை. அந்த வயதில் முதுகில் ஒட்டவைத்தாற்போல் வருகிற சொரசொரப்பான மருக்கள் பெரும்பாலும் வயதுக்கு வருபவை, தடுப்பூசி இல்லாத காலத்திலும் வந்தன. கூட்டத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இல்லாமல் வேறு நிறமாக, வேகமாக வளர்ந்தால் அதை மட்டும் காட்டுங்கள். தடுப்பூசியால் உண்மையில் வந்தது ஒன்று உண்டு: போட்ட கைப்பக்கம் கக்கத்தில் சில வாரம் நெறி கட்டுவது. மெலனோமா சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அதைப் பார்த்து "பரவிவிட்டதோ" என்ற குழப்பம் சில நாடுகளில் வந்தது, அதனால் எந்தக் கையில் எப்போது போட்டது என்று ஸ்கேனுக்கு முன்னால் கேட்டார்கள். அவ்வளவுதான் கதை.

அப்புத்தளையிலிருந்து ஒரு தங்கை: அக்காவுக்குக் காலில் மெலனோமா, 2019 நவம்பரில் வெட்டினார்கள். 1.4 மில்லிமீற்றர் என்று ரிப்போட்டில் இருக்கிறது. கொரோனாவில் கிளினிக் திகதிகள் தவறின, பிறகு போகவே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறார். வெட்டியாயிற்று, இனி எதற்கு என்கிறார்.

நன்றாக இருக்கிறார் என்பது சந்தோஷம். திரும்பி வருகிற மெலனோமாக்களில் பெரும்பாலானவை முதல் சில வருஷத்துக்குள் வருகின்றன, அந்தக் கண்டத்தைக் கிளினிக் இல்லாமலேயே தாண்டியிருக்கிறார். ஆனால் பிந்தி வருவதும் உண்டு, ஒரு தடவை வந்தவருக்கு வேறு இடத்தில் புதிதாக இன்னொன்று வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே ஒரு தடவை போய், "இடையில் வரவில்லை" என்று சொல்லி, திரும்பப் பதிந்துகொள்ளுங்கள். அதுவரை நீங்களே மாதம் ஒரு தரம் பார்க்கலாம்: வெட்டிய தழும்பைச் சுற்றி விரலால் தடவுங்கள், சின்னதாகக் கடுகு மாதிரி உருளுகிறதா, கறுப்பாகவோ நீலமாகவோ புள்ளி தெரிகிறதா, பிறகு அந்தக் காலின் முழங்காலுக்குப் பின்குழி, அரை. ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து மறுகாலின் அடியையும் பாருங்கள், அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வருடலுக்கு வழுக்கிப் போகிற சின்ன நெறி பலருக்கும் இருக்கும். கெட்டியாக, அசையாமல், வளர்கிற நெறிதான் ஓட வேண்டியது.

இராகலை வாசகர்: கிளினிக் கொப்பியும் பயாப்சி ரிப்போட்டும் கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டன. 2021இல் கன்னத்தில் வெட்டியது. மறுபடி கிளினிக் போனால் மறுபடி வெட்டிப் பார்ப்பார்களா?

அதற்காக வெட்டமாட்டார்கள், பயப்படாமல் போங்கள். ரிப்போட் உங்களிடம் இல்லாவிட்டாலும் ஆய்வுகூடத்தின் பதிவேட்டில் அது இருக்கும். எடுத்த சதையையும் மெழுகுக் கட்டிக்குள் வைத்துப் பல வருஷம் காப்பாற்றுவார்கள், தேவைப்பட்டால் திரும்பச் சீவிப் பார்க்கலாம். அடையாள அட்டையைக் கொண்டுபோய், எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு, வெட்டிய மாதம், அப்போது கொடுத்த பேரும் விலாசமும் சொல்லிப் பிரதி கேளுங்கள். சிங்களத்தில் பேரை எழுதும்போது எழுத்து மாறியிருக்கலாம், கிடைக்கவில்லை என்றால் அந்த மாதத்துப் பக்கத்தையே பார்க்கச் சொல்லிக் கொஞ்சம் நின்று கேளுங்கள். பிரதி கைக்கு வந்ததும் வாசலில் வைத்தே போனில் ஒரு படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள்.